கத்திரி வெயிலில் ஒரு ரெண்டர்

தமிழ்நாட்டில் கல்யாண வீடியோ எடிட் செய்பவர்களுக்கு வேலை குவியும் மாதங்களில் ஒன்று வைகாசி. மே முதல் வாரத்தில் தொடங்கி மாதக் கடைசி வரை நீளும் கத்திரி வெயிலும் அதே சமயத்தில்தான். இரண்டு நாள் விழா, மூன்று கேமரா, ஒரு ட்ரோன் என்று வந்து சேரும் 4கே காட்சிகளை, சென்னை ரிச்சி தெருவிலோ உள்ளூர்க் கடையிலோ பாகம் பாகமாக வாங்கி வீட்டிலேயே பூட்டிய ஒரு கம்ப்யூட்டர் மணிக்கணக்கில் ரெண்டர் செய்கிறது. வருடத்திலேயே அதிகச் சுமை விழும் நாளும் வருடத்திலேயே அதிகச் சூடான நாளும் ஒன்றாக வந்துவிடுகின்றன. ரெண்டர் 87 சதவீதத்தில் நிற்கும்போது சிஸ்டம் ரீஸ்டார்ட் ஆனால், எல்லோரும் உடனே சொல்லும் காரணம் ‘ஹீட்’. சில நேரம் அது சரி. பல நேரம் குற்றவாளி வேறு எங்கோ இருக்கிறான்.

சூடு ஒரு பிரச்சினை, நிலையாக ஓடாதது இன்னொரு பிரச்சினை என்று பிரித்துப் பார்த்தால்தான் இந்த விஷயம் பிடிபடும். இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதால்தான் பெரிய கூலர், கூடுதல் ஃபேன், தண்ணீர்க் குளிர்விப்பு என்று பணம் போகிறது. ஆனால் ரீஸ்டார்ட் நிற்பதில்லை. நம் ஊர் அறைகளில் வாட்டைக் குறைப்பதுதான் முதல் சிகிச்சை, கூலர் இரண்டாவது என்பது என் கருத்து. அதற்கான காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

கூலர் பற்றிய பெரும்பாலான சோதனைகள் 20 முதல் 25 டிகிரி உள்ள அறைகளில் நடப்பவை. காற்றாலோ தண்ணீராலோ குளிர்விக்கும் எந்தச் சாதனமும் பிராசஸரை அறையின் வெப்பநிலைக்குக் கீழே கொண்டுபோக முடியாது. அறையைவிட எத்தனை டிகிரி மேலே நிறுத்துகிறது என்பதே அதன் திறமை. 22 டிகிரி அறையில் 78 காட்டும் கூலர், அதே சுமையில் 37 டிகிரி உள்ள மொட்டைமாடிக்குக் கீழ் அறையில் ஏறத்தாழ 93 காட்டும். கூலரில் பழுது எதுவுமில்லை. அது இரண்டு இடத்திலும் 56 டிகிரி வித்தியாசத்தைத்தான் தாங்குகிறது. வாங்கும்போது பார்க்கவேண்டிய எண் இந்த வித்தியாசம்தான்.

கம்ப்யூட்டர் இழுக்கும் மின்சாரம் கிட்டத்தட்ட முழுவதும் கடைசியில் சூடாகவே அறைக்குள் வருகிறது. ரெண்டரின்போது 600 வாட் எடுக்கும் சிஸ்டம் என்றால், 600 வாட் ஹீட்டர் ஒன்று அறைக்குள் எரிகிறது என்றே கணக்கு. 12 அடிக்கு 10 அடி, 10 அடி உயரமுள்ள அறையில் இருக்கும் காற்று சுமார் 40 கிலோ. கதவு ஜன்னல் சாத்தி, சுவர் எதையும் உறிஞ்சாது என்று வைத்துக்கொண்டால், 600 வாட் அந்தக் காற்றை நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒரு டிகிரி ஏற்றிவிடும். நிஜத்தில் சுவர் உறிஞ்சும். ஆனால் நாள் முழுக்க வெயில் குடித்த கான்கிரீட் தளம் இரவு வெகுநேரம் வரை சூட்டைத் திருப்பித் தந்துகொண்டிருக்கும். கேபினட்டிலிருந்து சூட்டை வெளியே தள்ளுவது பாதி வேலை மட்டுமே. மீதிப் பாதி, அறையிலிருந்து அதை வெளியேற்றுவது. ஒரு டன் ஏசி அகற்றக்கூடிய சூடு சுமார் 3.5 கிலோவாட், இந்த ஒரு கம்ப்யூட்டர் அதில் ஆறில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும்.

பிராசஸர்கள் இத்தனை சூடானவையாக மாறியதற்கு ஒரு வரலாறு உண்டு. டிரான்சிஸ்டர் சிறிதானால் அதற்குத் தேவையான மின்னழுத்தமும் குறையும், ஆகவே ஒரே பரப்பில் எத்தனை அடைத்தாலும் சூடு கூடாது என்று 1974இல் ஐபிஎம்மின் ராபர்ட் டென்னார்டும் சகாக்களும் காட்டினார்கள். முப்பது வருடம் தொழில்துறை அந்த விதியின் தயவில் ஓடியது. 2004இல் இன்டெல் கொண்டுவந்த பிரெஸ்காட் பென்டியம் 4 அது முடிந்துபோனதை எல்லோருக்கும் காட்டியது: சில்லு சிறுத்தது, சூடு குறையவில்லை. அதே வருடம் அதற்கு அடுத்ததாக வரவேண்டிய தேஜாஸ் கைவிடப்பட்டது. வேகத்தை ஏற்றுவதை விட்டுவிட்டுக் கோர்களைக் கூட்டும் பாதைக்குத் தொழில்துறை திரும்பியது. இன்று நாம் ரெண்டருக்கு நம்பியிருக்கும் 16 கோர், 24 கோர் பிராசஸர்கள் எல்லாம் அந்தத் திருப்பத்தின் பிள்ளைகள்.

பாதுகாப்பும் அந்தக் காலத்தில்தான் வளர்ந்தது. 2001இல் டாம்ஸ் ஹார்ட்வேர் தளம் ஒரு சோதனை வீடியோ வெளியிட்டது. ஓடிக்கொண்டிருக்கும் பிராசஸரிலிருந்து ஹீட்சிங்கைக் கழற்றினார்கள். ஏஎம்டி அத்லான் சில நொடிகளில் கருகியது. பென்டியம் 4 வேகத்தைக் குறைத்துக்கொண்டு தொடர்ந்து ஓடியது. இன்று எல்லாப் பிராசஸரும் இரண்டாவது வகை. சூடு எல்லையைத் தொட்டால் வேகத்தைக் குறைக்கும். அதற்கும் அடங்காவிட்டால் தன்னை அணைத்துக்கொள்ளும். எனவே சூடு முதலில் காட்டும் அறிகுறி ரீஸ்டார்ட் அல்ல, மந்தம். ஒரு மணி நேரத்தில் முடியவேண்டிய ரெண்டர் ஒன்றே கால் மணி எடுப்பதுதான் சூட்டின் கையெழுத்து.

இதில் இன்னொரு திருகல் இருக்கிறது. 2022இல் ரைசன் 7000 வரிசை வந்தபோது, முழுச் சுமையில் 95 டிகிரி வரை போவது வடிவமைப்பிலேயே உள்ளது என்று ஏஎம்டி அறிவித்தது. இன்டெல்லின் ஐ9-14900கே 253 வாட் வரை எடுக்கும், 100 டிகிரி வரை ஏறும். இத்தகைய பிராசஸர், கொடுக்கிற குளிர்ச்சி முழுவதையும் வேகமாக மாற்றிக்கொள்ள முயலும். ஆகவே கூலரைப் பெரிதாக்கினால் வெப்பநிலை இறங்கும் என்று எதிர்பார்ப்பவருக்கு ஏமாற்றம் வரலாம். எண் அதே 95இல் நிற்கும், கடிகார வேகம் மட்டும் கொஞ்சம் ஏறியிருக்கும். திரையில் தெரியும் டிகிரியைப் பார்த்துப் பதறுவதைவிட, ரெண்டர் தொடங்கி அரை மணி கழித்தும் வேகம் எங்கே நிற்கிறது என்று பார்ப்பதே உருப்படியான அளவு.

எடிட்டிங்கின் சுமை கேமிங்கின் சுமையைப் போன்றது அல்ல. டைம்லைனில் வெட்டி ஒட்டும்போது சுமை குதித்துக் குதித்து வரும். கலர் செய்யும்போது கிராபிக்ஸ் கார்டு உழைக்கும். ஏற்றுமதி தொடங்கினால் பிராசஸர், கார்டு, எஸ்எஸ்டி மூன்றும் சேர்ந்து மணிக்கணக்கில் உழைக்கும். ஐந்து நிமிடச் சோதனை இதற்கு எதையும் சொல்லாது. தண்ணீர்க் கூலரில் உள்ள நீர் முழுதாகச் சூடேறப் பல நிமிடங்கள் ஆகும். அதுவரை அது அற்புதமாகத் தோன்றும்.

அதைவிட முக்கியம், எந்தக் கோப்பை எடிட் செய்கிறோம் என்பது. எச்.265 வடிவில் 10 பிட், 4:2:2 காட்சிகளை இன்றைய கேமராக்கள் பல பதிவு செய்கின்றன. முந்தைய பிரேம், பிந்தைய பிரேம் எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிட்டால்தான் ஒரு பிரேம் கிடைக்கும். அந்தக் கணக்கைச் செய்யத் தனி மின்சுற்று இருந்தால் சில வாட்டில் முடிந்துவிடும், இல்லாவிட்டால் எல்லாக் கோர்களும் எரியும். இன்டெல்லின் 11ஆம் தலைமுறையிலிருந்து அதன் உள்ளமை கிராபிக்ஸ் இந்த 4:2:2 வடிவைப் பிரித்துக் கொடுக்கிறது. என்விடியா அதை 2025இல் வந்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான் சேர்த்தது. கொஞ்சம் மலிவு என்று ‘எஃப்’ எழுத்துள்ள இன்டெல் பிராசஸரை வாங்குபவர் உள்ளமை கிராபிக்ஸை இழக்கிறார். அதோடு பழைய என்விடியா கார்டும் இருந்தால், டைம்லைனை நகர்த்தும்போதே ஃபேன்கள் இரைய ஆரம்பிக்கும். அந்த இரைச்சலுக்கு மருந்து கூலர் கடையில் இல்லை.

அந்த மருந்து பிராக்ஸி. எடிட் தொடங்குமுன் காட்சிகளைப் புரோரெஸ் போன்ற, ஒவ்வொரு பிரேமும் தனித்து நிற்கும் வடிவில், குறைந்த அளவில் மாற்றி வைத்துக்கொண்டால் டைம்லைன் வேலையின் சுமை வெகுவாகக் குறைகிறது. வட்டில் இடம் கூடுதலாகப் பிடிக்கும். இந்தப் பேரத்தில் இடம் மலிவு. பிராக்ஸி தயாரிப்பையும் கடைசி ரெண்டரையும் விடியற்காலைக்குத் தள்ளிவைப்பவர்கள் கூலருக்குச் செலவில்லாமலே சில டிகிரி சம்பாதிக்கிறார்கள்.

சூடு பாகங்களின் ஆயுளைக் குறைக்குமா? குறைக்கும், ஆனால் எல்லாப் பாகத்தையும் ஒரே மாதிரி அல்ல. எஸ்எம்பிஎஸ்ஸிலும் மதர்போர்டிலும் உள்ள எலக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டர்களுக்கு ஒரு நடைமுறைக் கணக்கு உண்டு: 10 டிகிரி குறைந்தால் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பு. இரண்டாயிரங்களின் தொடக்கத்தில், தரமற்ற திரவம் நிரப்பிய கெபாசிட்டர்கள் உலகம் முழுவதும் மதர்போர்டுகளில் உப்பி வெடித்த காலத்தைப் பழைய மெக்கானிக்குகள் மறந்திருக்க மாட்டார்கள். பிராசஸருக்குள் ஓடும் நுண்கம்பிகளில் மின்னோட்டமே உலோக அணுக்களைக் கொஞ்சம் கொஞ்சமாக இடம் நகர்த்துகிறது. மோட்டோரோலாவின் ஜேம்ஸ் பிளாக் 1969இல் தந்த சமன்பாடு, வெப்பமும் மின்னோட்ட அடர்த்தியும் சேர்ந்து அதை எப்படி வேகப்படுத்தும் என்று சொல்கிறது.

ஹார்ட் டிஸ்க் விஷயத்தில் பொது நம்பிக்கை ஆட்டம் கண்டது. கூகுளின் பொறியாளர்கள் 2007இல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரையில், மிதமான சூட்டுக்கும் பழுதுக்கும் நினைத்த அளவு தொடர்பு இல்லை என்று கண்டார்கள். மிகக் குளிர்ந்த டிஸ்க்குகள் கூடுதலாகப் பழுதாயின, மிக அதிகச் சூட்டில்தான் மறுபடி பழுது ஏறியது. டிஸ்க்கை 45 டிகிரியிலிருந்து 35க்கு இறக்கத் தனி ஃபேன் மாட்டுவதில் பெரிய பயன் இல்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. என்விஎம்இ எஸ்எஸ்டி வேறு ரகம். நீண்ட எழுத்துவேலையில் அதன் கண்ட்ரோலர் சூடேறி வேகத்தைக் குறைக்கும். மதர்போர்டோடு வரும் தகட்டை மாட்டினாலே பெரும்பாலும் போதும். அந்தத் தகட்டின் அடியில் ஒட்டியுள்ள பிளாஸ்டிக் தாளை உரிக்க மறந்தவர்கள் நிறையப் பேர். தரவு பதிந்த எஸ்எஸ்டியை மின்சாரம் இல்லாமல் பீரோவில் வைத்துக் காப்பகமாகப் பயன்படுத்துவோர் இன்னொன்றைக் கவனிக்கவேண்டும்: ஜெடெக் தரநிலை, எழுத்து ஆயுள் முழுதும் தீர்ந்த சாதாரண எஸ்எஸ்டியிடம் 30 டிகிரியில் ஒரு வருடம் தரவு தங்கவேண்டும் என்றுதான் கேட்கிறது. நம் ஊர்ப் பீரோ 30 டிகிரியில் நிற்பதில்லை. சூடு கூடினால் அந்தக் காலம் சுருங்கும்.

இனி குளிர்விப்புக்கு வருவோம். ஹீட்சிங்கின் செம்புக் குழாய்கள் கம்பிகள் அல்ல. உள்ளே குறைந்த அழுத்தத்தில் துளி நீர் கொதித்து, ஆவி மேலே போய்க் குளிர்ந்து திரும்புகிறது. லாஸ் அலமோஸில் ஜார்ஜ் குரோவர் 1963இல் உருவாக்கிய அந்த ஏற்பாடு இல்லாவிட்டால் இன்றைய காற்றுக் கூலர் கிடையாது. இரட்டைக் கோபுரக் காற்றுக் கூலர் 200 வாட் வரையிலான பிராசஸருக்கு நம் வெயிலிலும் ஈடு கொடுக்கும். ஃபேன் போனால் சில நூறு ரூபாயில் அன்றைக்கே மாற்றலாம். தண்ணீர்க் கூலரில் பம்ப் நின்றால் வேலையும் நிற்கும், சில வருடங்களில் நீரும் மெல்ல வற்றும். 250 வாட்டுக்கு மேல் தொடர்ந்து எடுக்கும் பிராசஸருக்குத்தான் 360 மில்லிமீட்டர் ரேடியேட்டர் நியாயம். மாட்டும்போது, உள்ளே தங்கும் காற்றுக்குமிழி பம்ப்புக்குள் சேராதபடி பம்ப் ரேடியேட்டரின் உச்சியைவிடக் கீழே இருக்கவேண்டும்.

கேபினட்டுக்குள் எவ்வளவு காற்று போகவேண்டும் என்பதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. 500 வாட் சூட்டைச் சுமக்கும் காற்று 10 டிகிரிக்கு மேல் ஏறக்கூடாது என்றால், நிமிடத்துக்குச் சுமார் 90 கன அடி காற்று உண்மையாகவே நுழைந்து வெளியேற வேண்டும். 120 மில்லிமீட்டர் ஃபேன் பெட்டியில் 60 கன அடி என்று போட்டிருக்கும். அது தடை எதுவுமில்லாத திறந்த வெளியில். தூசி வலை, ரேடியேட்டர், ஒயர்க்கூட்டம் எல்லாம் கடந்தால் அது பாதியாகிவிடும். முன்பக்கம் முழுதும் கண்ணாடி மூடிய, விளக்கு மின்னும் கேபினட்டுகள் இந்த இடத்தில்தான் தோற்கின்றன. முன்னால் வலையுள்ள சாதாரண கேபினட்டில் முன்னே மூன்று, பின்னே ஒன்று, மெதுவாகச் சுழலும் பெரிய ஃபேன்கள் வைத்தால் போதும். மெதுவாக என்பதற்குக் காரணம் இருக்கிறது: வேகத்தை இரட்டித்தால் காற்று இரட்டிக்கும், ஃபேன் எடுக்கும் மின்சாரமோ எட்டு மடங்காகும், இரைச்சல் சுமார் 15 டெசிபெல் ஏறும். குரல் பதிவும் ஒலிக்கலவையும் அதே அறையில் செய்பவருக்கு இது சின்ன விஷயம் இல்லை.

கிராபிக்ஸ் கார்டு 350, 400 வாட் சூட்டைக் கேபினட்டுக்குள்ளேயே கொட்டுகிறது. அதைத்தான் பிராசஸர் கூலர் சுவாசிக்கிறது. 2020இல் வந்த, பழைய சரக்காக எடிட்டர்கள் இன்றும் தேடி வாங்கும் ஆர்டிஎக்ஸ் 3090இல் 24 ஜிபி நினைவகத்தின் பாதி, பலகையின் பின்பக்கம் இருக்கிறது. கார்டு 70 டிகிரி என்று காட்டும்போதே அந்த நினைவகம் 100ஐத் தாண்டலாம். ஹெச்டபிள்யூஇன்ஃபோ போன்ற மென்பொருளில் ‘மெமரி ஜங்ஷன்’ என்ற வரியையும் சேர்த்துப் பார்க்காமல் பழைய 3090 வாங்குவது நல்லதல்ல. பேஸ்ட் பற்றி நீளமாகப் பேச ஒன்றுமில்லை: நல்ல பேஸ்ட், சரியான அழுத்தம், போதும். திரவ உலோகத்தை மட்டும் அலுமினியத்தோடு சேர்க்கக்கூடாது. அதிலுள்ள கேலியம் அலுமினியத்தை அரித்துவிடும்.

முதல் சிகிச்சை என்று தொடக்கத்தில் சொன்னது இதைத்தான். சில்லு இயங்கும்போது எடுக்கும் மின்சாரம் அதன் வேகத்தோடு நேராகவும் மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடும் ஏறுகிறது. 1.35 வோல்ட்டை 1.20 ஆக்கினால், வேகம் மாறாமலே ஐந்தில் ஒரு பங்கு சூடு குறையும். கடைசிச் சில நூறு மெகாஹெர்ட்சுக்காகவே பிராசஸர்கள் மின்னழுத்தத்தை அதிகம் ஏற்றுகின்றன. அந்த நுனியை வெட்டினால் இழப்பு சொற்பம், லாபம் பெரிது. ரைசன் 9 7950எக்ஸ் இயல்பாக 230 வாட் வரை எடுக்கும். பயாஸில் 105 வாட் ஈக்கோ முறையைத் தேர்ந்தால் உச்சவரம்பு 142 வாட். கிட்டத்தட்ட 90 வாட் சூடு அறைக்குள் வராமலே போகிறது. 450 வாட் கார்டை 350 வாட்டுக்குக் கட்டிப்போட்டால் பெரும்பாலான வேலைகளில் சில சதவீத வேகம்தான் குறையும். இதற்குப் பைசா செலவில்லை. கத்திரி வெயில் நாட்களில் இந்த வரம்பைப் போட்டு, மார்கழியில் எடுத்துவிடுவதும் நியாயமான ஏற்பாடுதான்.

மின்னழுத்தத்தைக் கவனிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அண்மைக்காலப் பாடம் இன்டெல்லின் 13, 14ஆம் தலைமுறை. பல மதர்போர்டுகள் வாட் வரம்பையே எடுத்துவிட்டு விற்பனைக்கு வந்தன. கேம்கள் நொறுங்குவதும், சுருக்கிய கோப்பை விரிக்கையில் பிழை வருவதும் 2024இல் பரவலாகப் பேசப்பட்டன. பிராசஸர் தேவைக்கு மேல் மின்னழுத்தம் கேட்டு வாங்கியதால் உள்ளே சிதைவு ஏற்பட்டு, நிலையாக ஓடத் தேவையான குறைந்தபட்ச அழுத்தமே மேலே நகர்ந்துவிட்டது என்று இன்டெல் விளக்கியது. ஆகஸ்ட் மாதத்திலிருந்து மைக்ரோகோட் திருத்தங்கள் வந்தன, பெட்டியில் விற்ற பிராசஸர்களுக்கு வாரண்டி இரண்டு வருடம் நீட்டப்பட்டது. ஏற்கெனவே சிதைந்ததைத் திருத்தம் சரிசெய்யாது. இந்தத் தலைமுறை பிராசஸர் வைத்திருப்பவர், பயாஸைப் புதுப்பிக்காமல் கூலரை மாற்றிக்கொண்டிருப்பதில் அர்த்தமில்லை. ஏஎம்டிக்கும் 2023இல் இதே வகை அடி விழுந்தது. எக்ஸ்3டி பிராசஸர்கள் சில சாக்கெட்டோடு கருகியபின் எஸ்ஓசி மின்னழுத்தத்துக்கு 1.3 வோல்ட் உச்சவரம்பு வைக்கப்பட்டது. பெரிய கூலர் இருந்தாலும் இந்த இரண்டையும் தடுத்திருக்காது.

நிலைத்தன்மைக்கு வந்தால், நான் முதலில் சந்தேகப்படுவது ராமை. பெட்டியில் 6000 என்று போட்டிருக்கும் டிடிஆர்5 ராம், எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ சுயவிவரத்தில்தான் அந்த வேகத்தில் ஓடும். அது பிராசஸரின் அதிகாரபூர்வ வேகத்துக்கு மேல். எடிட்டர்கள் 128 ஜிபி வேண்டும் என்று நான்கு குச்சி போடுகிறார்கள். ரைசன் 7000க்கு ஏஎம்டி சொல்லும் வேகம் இரண்டு குச்சிக்கு 5200, நான்குக்கு 3600. நான்கையும் 6000இல் ஓட்டி, ரெண்டர் நடுவில் நீலத்திரை வந்தால் சூட்டைக் குறைசொல்ல முடியாது. அதே கொள்ளளவை இரண்டு பெரிய குச்சிகளில் வாங்குவது நல்லது. டிடிஆர்5இல் மின்னழுத்தச் சீராக்கி குச்சியின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது, கிராபிக்ஸ் கார்டின் சூடும் அதன் மேல்தான் அடிக்கிறது. 85 டிகிரிக்கு மேல் போனால் நினைவகத்தை இரண்டு மடங்கு அடிக்கடி புதுப்பிக்கவேண்டியிருக்கும். இந்த ஓர் இடத்தில் சூடும் நிலைத்தன்மையும் உண்மையாகவே கைகோக்கின்றன.

அடுத்தது மின்சாரம். புதிய கார்டுகள் நுண்நொடி நேரத்துக்கு இரட்டிப்பு மின்சாரம் இழுக்கும். 2022இல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 தரநிலை, எஸ்எம்பிஎஸ் தன் திறனைப்போல் இரு மடங்கை 100 மைக்ரோநொடி தாங்கவேண்டும் என்கிறது. பழைய, மலிவான எஸ்எம்பிஎஸ் அந்தத் துடிப்பில் தன்னை அணைத்துக்கொள்ளும். பார்ப்பவருக்கு அது சூட்டில் அணைந்ததுபோலவே இருக்கும். அதே வருடம் ஆர்டிஎக்ஸ் 4090இன் 16 பின் கனெக்டர்கள் உருகிய சம்பவங்கள் வந்தன. முழுதாக அமுங்காத இணைப்பு முக்கியக் காரணமாகச் சொல்லப்பட்டது; அழுத்திச் சொருகிவிட்டு, ஒயரைக் கனெக்டரை ஒட்டி வளைக்காமல் விடுவது அவசியம். வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டுபவர்கள் அது சைன் அலை தருவதா, யுபிஎஸ் முறையில் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். கரண்ட் போகும் கணத்தில் எஸ்எம்பிஎஸ் தன் கையிருப்பில் தாக்குப்பிடிப்பது சுமார் 16 மில்லிநொடிதான்; சாதாரண முறையில் உள்ள இன்வெர்ட்டர் மாறுவதற்கு அதைவிடக் கூடுதல் நேரம் எடுக்கும்.

எர்த். பழைய வீடுகளில் மூன்று பின் சாக்கெட் இருக்கும், மூன்றாவது துளைக்குப் பின்னால் ஒயரே இருக்காது. அப்படியானால் எஸ்எம்பிஎஸ்ஸின் வடிகட்டிக் கெபாசிட்டர்கள் வழியாகக் கேபினட்டின் உலோகம் மெயின்ஸின் பாதி அழுத்தத்தில் மிதக்கும். கை பட்டால் மெல்லிய ‘ஷாக்’. மின்னோட்டம் மிகச் சிறியதுதான், ஆனால் மானிட்டர், ஆடியோ இன்டர்ஃபேஸ், கார்டு ரீடர் சொருகும் போர்ட்டுகளை அது பதம்பார்க்கும், காரணம் தெரியாத தொங்கல்களையும் உண்டாக்கும். மூன்றாவது கூலருக்குச் செலவழிக்கும் பணத்தில் ஒரு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சோதிக்கலாம்.

அறையைப் பற்றி இன்னும் கொஞ்சம். தரவு மையங்களுக்கு அமெரிக்காவின் ஆஷ்ரே அமைப்பு பரிந்துரைப்பது 18 முதல் 27 டிகிரி. எனவே ஏசியை 26இல் வைத்தால் போதும். 18இல் வைத்துக் கம்ப்யூட்டரைக் காப்பாற்ற வேண்டியதில்லை. சொல்லப்போனால் கடலோர ஊர்களில் அது ஆபத்தும்கூட. கோடையில் சென்னைக் காற்றின் பனிநிலை 25 டிகிரியைத் தொடும். அணைத்துவைத்த சிஸ்டத்தின் உலோகம் 18 டிகிரிக்குக் குளிர்ந்திருக்க, ஜன்னலைத் திறந்து அந்தக் காற்றை உள்ளே விட்டால் பலகையின் மேல் நீர் வேர்க்கும். திறந்தபின் சிறிது நேரம் காத்திருந்து ஆன் செய்வது நல்லது. கொசுவர்த்திப் புகை, ஊதுபத்தி, சமையலறை எண்ணெய் ஆவி மூன்றும் ஹீட்சிங்கின் தகடுகளில் பிசுக்காகப் படிந்து, தூசியைப் பிடித்துவைக்கின்றன. பிளோயரால் ஊதினால் அது போகாது, பிரஷ் வேண்டும். ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளவேண்டும். பின்பக்கத்தில் திறந்து கிடக்கும் ஸ்லாட் மூடிகளை மாட்டிவிட்டால் பல்லி உள்ளே போய் ஷார்ட் ஆவதும் தவிரும். உப்புக்காற்றில் கறுத்த ராம் முனைகளைப் பென்சில் ரப்பரால் தேய்ப்பது நம் கடைகளின் பழைய பழக்கம். தங்கப் பூச்சு மெல்லியது, திரும்பத் திரும்பத் தேய்த்தால் போய்விடும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணி நல்லது.

கோளாறு வந்தால் எப்படிப் பிரித்தறிவது? திரை சட்டென இருண்டு எந்தச் செய்தியும் இல்லாமல் அணைந்தால் எஸ்எம்பிஎஸ்ஸையும் இணைப்புகளையும் பார்க்கவேண்டும். விண்டோஸ் பதிவேட்டில் ‘கெர்னல் பவர் 41’ என்று இருப்பது சிஸ்டம் முறையாக அணைக்கப்படாமல் நின்றதை மட்டும்தான் சொல்கிறது, ஏன் நின்றது என்பதை அல்ல. நீலத்திரை வந்தால் ராமும் டிரைவரும் சந்தேகத்துக்குரியவை. ‘டபிள்யூஹெச்இஏ லாகர்’ பிழை பதிவாகியிருந்தால் வன்பொருளே ஏதோ சொல்கிறது. பெரும்பாலும் மின்னழுத்தம் போதாத பிராசஸர், அதிலும் அளவுக்கு மீறி அண்டர்வோல்ட் செய்தது. எடிட்டிங் மென்பொருள் மட்டும் மூடிக்கொண்டால் கார்டின் நினைவகம் நிரம்பியதா என்று பார்க்கலாம். 4கே டைம்லைனில் நாய்ஸ் ரிடக்‌ஷன் போட்டால் 8 ஜிபி எளிதில் தீரும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, உண்மையான ஒரு மணி நேர ரெண்டரை ஓட்டிப் பார்ப்பதே நம்பத்தக்க சோதனை.

ராமைப் பற்றி ஒரு வார்த்தை மீதமிருக்கிறது, அது எனக்கு எல்லாவற்றிலும் கவலை தரும் விஷயம். கூகுள் பொறியாளர்களும் டொராண்டோ பல்கலைக்கழகத்தின் பியாங்கா ஷ்ரோடரும் 2009இல் வெளியிட்ட ஆய்வில், அந்நிறுவனத்தின் சர்வர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று வருடத்துக்கு ஒரு முறையாவது நினைவகப் பிழையைச் சந்தித்தது. அதில் வெப்பத்தின் பங்கு சிறிதுதான். அவை பிழைதிருத்தும் ஈசிசி ராம் கொண்ட சர்வர்கள், அதனால்தான் பிழை நடந்தது தெரிந்தது. நம் கம்ப்யூட்டரில் அது தெரியாது. டிடிஆர்5இன் சில்லுக்குள் இருக்கும் திருத்தம், குச்சிக்கும் பிராசஸருக்கும் இடையே நடப்பதைக் காப்பதில்லை. நொறுங்கினால் மறுபடி ரெண்டர் போட்டுக்கொள்ளலாம். மெமரி கார்டிலிருந்து நகலெடுக்கும்போது ஒரு பிட் புரண்டு, கார்டும் அழிக்கப்பட்டுவிட்டால் அந்தத் தாலிகட்டு மறுபடி நடக்காது. ரைசனுக்கு ஈசிசி ஏற்கும் மதர்போர்டுகள் கிடைக்கின்றன. இன்டெல்லில் 12ஆம் தலைமுறை முதல் டபிள்யூ680 போன்ற சிப்செட் வேண்டும். அது கைக்கெட்டாதவர்கள், வேலை குவியும் மாதம் தொடங்குமுன் ஓர் இரவு முழுக்க மெம்டெஸ்ட் ஓட்டி ஒரு பிழைகூட இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, நகலெடுப்பதைச் செக்சம் சரிபார்க்கும் மென்பொருள் வழியாக இரண்டு வட்டுகளுக்குச் செய்து, இரண்டும் பொருந்திய பிறகே கார்டை ஃபார்மேட் செய்யவேண்டும்.